எது முதலில் கெட வேண்டும்?

பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் வளர்ந்தவர்களுக்குத் தண்ணீரால் குளிரும் எஞ்சின் ஒன்றும் புதிதில்லை. மின் இணைப்புக்கு மனுப் போட்டுவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த நாட்களில், கிணற்று மேட்டில் உட்கார்ந்து தடதடத்த ஐந்து குதிரைத்திறன் ஆயில் எஞ்சின்தான் எங்களில் பலர் கண்ட முதல் எஞ்சின். அது இறைக்கிற தண்ணீரிலேயே ஒரு சிறு கிளையைப் பிரித்து, விரல் தடிமன் குழாய் வழியாக எஞ்சின் உறைக்குள் விடுவார்கள். சிலிண்டரைச் சுற்றி வந்த தண்ணீர் இன்னொரு குழாய் வழியாக வாய்க்காலில் விழும். கை வைத்தால் வெதுவெதுவென்றிருக்கும். குளிர்காலத்தில் முகம் கழுவச் சுகமாக இருக்கும். ரேடியேட்டர், விசிறி, மூடி எதுவும் கிடையாது. கிணறு இருக்கும்போது அதெல்லாம் எதற்கு?

அந்த ஏற்பாட்டில் எந்தக் குழாயைப் போட்டாலும் வேலை நடந்துவிடும். ஒரு முனையில் ஜிஐ நிப்பிள், மறு முனையில் பச்சை பிளாஸ்டிக் ஹோஸ், கசிகிற இடத்தில் பழைய சைக்கிள் டியூபைக் கீறி இறுக்கிச் சுற்றிய கட்டு. அழுத்தமும் இல்லை, பெரிய சூடும் இல்லை. சொட்டுகிற தண்ணீரும் வரப்புக்குத்தான் போகிறது. இன்றும் பொறியியல் கல்லூரி ஆய்வகங்களில் நிற்கிற கிர்லோஸ்கர் ஒற்றை சிலிண்டர் எஞ்சின்கள் பெரும்பாலும் இப்படித்தான் குளிர்கின்றன. மாடித் தொட்டியிலிருந்து வரும், உறையைச் சுற்றும், சாக்கடைக்குப் போகும். அந்த எஞ்சின்களின் பக்கத்தில் நின்று வெப்பக் கணக்குப் போட்டே காலம் தள்ளியவன் நான். அதனால்தான் என் அக்கா மகன் கார் கட்ட ஆரம்பித்தபோது, குழாய் விஷயத்தில் என்னிடம் வந்தான்.

துறைமங்கலத்தில் ஒரு லேத் பட்டறையின் பின்கட்டில் அவன் வண்டி நின்றது. சதுரக் குழாயைப் பற்றவைத்துச் செய்த சட்டம். பழைய இரும்புக் கடைக்குப் போகவேண்டிய ஒரு மாருதி 800-லிருந்து எடுத்த 796 சிசி எஞ்சின் ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால். அதே காரின் ரேடியேட்டர் மூக்கு முனையில். நடுவே இருக்கை. ஆக, கொதிக்கும் தண்ணீர் ஒன்று முன்னே போகவும் ஒன்று பின்னே வரவும் இரண்டு நீளக் குழாய்கள், ஓட்டுபவரின் இடுப்பை ஒட்டியே ஓடவேண்டும். எஞ்சினும் ரேடியேட்டரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற கம்பெனிக் காருக்கு இந்தக் கேள்வியே வராது. அங்கே இரண்டு வளைந்த ஹோஸோடு கதை முடிந்தது.

ரோட்டில் ஓட்டுவதற்காக அவன் கட்டவில்லை. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 126-ஆம் விதிப்படி, எந்த வண்டியின் மாதிரியும் அரசு அங்கீகரித்த சோதனை அமைப்பிடம் தேர்ச்சி பெற்றாகவேண்டும். நம் ஒரகடத்திலேயே அப்படி ஒரு மையம் இருக்கிறது. ஆனால் ஒற்றை வண்டி கட்டும் தனி ஆளுக்கு அந்தப் படி ரொம்ப உயரம். வயல்காட்டுப் பாதையும் பந்தயத் தடமும்தான் மிச்சம்.

தமிழ்நாட்டில் கையால் கட்டிய கார்களின் மரபும் பந்தயத் தடத்தோடு ஒட்டியதுதான். சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில், பட்டறையில் பிறந்த வண்டிகள் வெளிநாட்டுக் கார்களோடு சரிக்குச் சரி மோதிய காலம் உண்டு. கோயம்புத்தூர் கரிவர்தன் மாருதி 800-இன் எஞ்சினை வைத்தே ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் வடிவமைத்து, ஃபார்முலா மாருதி என்ற பந்தய வகையையே உண்டாக்கினார். பணக்காரர் வீட்டுப் பொழுதுபோக்காக இருந்ததை நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளும் எட்டிப் பிடிக்கும் விலைக்கு இறக்கியவர் அவர். 1995-இல் விமான விபத்தில் போய்ச் சேர்ந்தார். செட்டிப்பாளையத்துப் பந்தயத் தடம் இன்று அவர் பெயரில் இருக்கிறது. கல்லூரி மாணவர்கள் தாங்களே கட்டிய கார்களோடு ஃபார்முலா பாரத் போட்டிக்கு அங்கேதான் வருகிறார்கள். மோட்டார் சைக்கிள் எஞ்சினைச் சட்டத்தில் ஏற்றி, ரேடியேட்டரைப் பக்கவாட்டில் தொங்கவிட்டு, குழாய்க்கு வழி தேடி அலைகிற அந்தப் பிள்ளைகளுக்கும் என் அக்கா மகனுக்கும் பிரச்சினை ஒன்றுதான்.

"செம்புக் குழாய் போட்டுரலாம்னு இருக்கேன் மாமா. போற வழியிலேயே தண்ணி கொஞ்சம் ஆறிரும்ல?"

இந்தக் கேள்வியை நான் எத்தனையோ பேர் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். கேட்கச் சரியாகத்தான் தோன்றும். வெப்பத்தைக் கடத்துவதில் செம்பு அலுமினியத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல். துருப்பிடிக்காத எஃகைவிட இருபது மடங்குக்கும் மேல். அதனால் குழாயும் குட்டி ரேடியேட்டராக உதவும் என்பது நினைப்பு.

காகிதம் எடுத்துக் கணக்குப் போட்டோம். எரிகிற பெட்ரோலின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வேலையாக மாறுகிறது. இன்னொரு பங்கு புகையோடு போகிறது. மற்றொரு பங்கைத் தண்ணீர் சுமக்கவேண்டும். அந்த எஞ்சின் முழு மூச்சில் 27 கிலோவாட் அளவு கொடுக்கும் என்றால், தண்ணீர் தலையிலும் கிட்டத்தட்ட அதே 27. மூன்று மீட்டர் நீளத்துக்கு 32 மி.மீ. விட்டக் குழாய் திறந்த காற்றில் ஓடினால், அதன் வெளிப்பரப்பு 0.3 சதுர மீட்டர். அதன் வழியே காற்று எடுத்துக்கொள்ளும் வெப்பம், தாராளமாகப் போட்டாலும், 300 வாட் பக்கம். நூற்றில் ஒரு பங்கு. இதில் வேடிக்கை என்னவென்றால், செம்பை எடுத்துவிட்டு இரும்பைப் போட்டாலும் அந்த 300 அப்படியேதான் இருக்கும். வெப்பம் வெளியே போவதைத் தடுப்பது குழாயின் உலோகச் சுவர் கிடையாது; குழாயை ஒட்டி நிற்கிற காற்றுப் படலம். கதவு அகலமாக இருந்து என்ன, வாசலில் ஆள் நின்றால்?

குளிர்விப்பது ரேடியேட்டரின் வேலை. 1901-இல் வில்ஹெல்ம் மைபாக் மெர்சிடிஸ் காருக்குத் தேன்கூட்டு ரேடியேட்டர் செய்தபோது எட்டாயிரத்துச் சொச்சம் சின்னஞ்சிறு குழல்களை அடுக்கினார். காற்றுக்குக் காட்டும் பரப்பைப் பெருக்கவேண்டும் என்பது ஒன்றுதான் அதன் சூட்சுமம். அதற்கு முன்பு நிலைமை எங்கள் ஆயில் எஞ்சினைவிட மோசம். 1888-இல் பெர்த்தா பென்ஸ் தன் இரு மகன்களோடு மான்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைம் வரை காரோட்டிப் போனபோது, தண்ணீர் கொதித்து ஆவியாகிக்கொண்டே இருந்தது. வழியெல்லாம் இறங்கி இறங்கி ஊற்றவேண்டியிருந்தது. உலகத்தின் முதல் நெடும்பயணக் காரோட்டி பயணத்தின் பாதியைத் தண்ணீர் தேடுவதில்தான் கழித்திருக்கவேண்டும்.

ஆக, இடையில் கிடக்கிற நீளக் குழாய் எதையும் குளிர்விக்கவேண்டியதில்லை. போகிற தண்ணீரை மறிக்காமல் விட்டால் போதும். அதற்கு உலோகத்தைவிட விட்டம் முக்கியம். 27 கிலோவாட்டைப் பத்து டிகிரி வித்தியாசத்தில் சுமக்க நிமிடத்துக்கு 39 லிட்டர் ஓடவேண்டும். 28 மி.மீ. உள்விட்டத்தில் அது வினாடிக்கு ஒரு மீட்டர் வேகம், பம்ப் சிரமப்படாது. செலவைப் பார்த்து 20 மி.மீ.க்கு இறங்கினால் வேகம் இரண்டு மடங்கு, எதிர்ப்போ ஐந்து மடங்குக்கும் மேல். செம்பு வாங்கக் காசைச் சேமிக்கிறேன் என்று மெல்லிய குழாய் வாங்குபவர், உலோகத்தைக் காப்பாற்றி வேலையைத் தொலைக்கிறார்.

அப்படியானால் வீட்டுக் குழாயே போதாதா என்றான். பிவிசி 60 டிகிரிக்கு மேல் நம்பத் தகுந்ததில்லை. 80-ஐ நெருங்கும்போது இளகிவிடும். காரின் தெர்மோஸ்டாட் திறப்பதே அந்தச் சூட்டில்தான். குளியலறைச் சுடுதண்ணீருக்குப் போடுகிற சிபிவிசிக்கு 93 டிகிரி வரை தாங்கும் என்று முத்திரை உண்டு. ஆனால் மே மாத வெயிலில், வண்டி நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும்போது தண்ணீர் 100-ஐத் தொடும். மூடி போட்டு அழுத்தம் ஏற்றியிருப்பதால் கொதிக்காமல் நிற்கும், அவ்வளவுதான். ஒரு பார் கூடுதல் அழுத்தத்தில் தண்ணீரின் கொதிநிலை 120 டிகிரி வரை ஏறிவிடுகிறது. அந்தச் சூட்டில், அந்த அதிர்வில், ஒட்டுப் பசையை நம்பி இடுப்புக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் குழாயா? அது விடும்போது சொட்டுச் சொட்டாக விடாது. ஒரே நொடியில் விட்டுவிடும்.

ஜிஐ குழாய்க்கு எடை ஒரு குறை, மரையிட்ட மூட்டுகள் இன்னொரு குறை. அதைவிடப் பெரிய குறை உள்ளே பூசிய துத்தநாகம். கூலன்ட்டில் சேர்க்கிற காப்பு மருந்துகளோடு அது வினைபுரிந்து சேறாக இறங்கி, ரேடியேட்டரின் மெல்லிய குழல்களை அடைக்கும். கிணற்றடியில் ஐம்பது வருடம் உழைத்த குழாய் காருக்குள் வந்ததும் வேண்டாத விருந்தாளியாகிவிடுகிறது.

செம்புக்குத் திரும்புவோம், ஏனென்றால் அவன் மனம் அங்கேதான் நின்றது. எஞ்சினின் தலைப்பகுதி அலுமினியம். அலுமினியமும் செம்பும் ஒரே தண்ணீரில் நனைந்திருந்தால், ஒன்றையொன்று தொடவேண்டும் என்றுகூட இல்லை. செம்பிலிருந்து கரைகிற நுண்ணிய அளவு, தண்ணீரோடு மிதந்து போய் அலுமினியத்தின் மேல் படிந்து, அந்த இடத்தில் ஊசிமுனைக் குழி தோண்டும். அரிபடுவது அலுமினியம், செம்பு பளபளவென்று அப்படியே இருக்கும். குற்றவாளி புத்தம்புதிதாக நிற்கிறான், பாதிக்கப்பட்டவன் ஓட்டையாகிறான். தவிர, அதிர அதிரச் செம்பு இறுகும். இறுக இறுக நொறுங்கும். அசையாத சுவரில் ஏசிக்குப் போடுகிற குழாயைக் குலுங்குகிற எஞ்சினில் கட்டினால் வளைவில் விரிசல் விடுவது நிச்சயம். கூலன்ட்டில் இருக்கிற காப்பு மருந்து இந்த அரிப்பைப் பெருமளவு தடுக்கும் என்பதையும் சொல்லவேண்டும். அதனால்தான் பழைய கார்களில் செம்பு–பித்தளை ரேடியேட்டர்களும் அலுமினியத் தலைகளும் சேர்ந்து குடித்தனம் நடத்தின. மருந்து தீர்ந்த பிறகுதான் சண்டை.

நான்கு ரோடு பக்கம் ரேடியேட்டர் கடை வைத்திருக்கும் பாயிடம் கூட்டிப்போனேன். இதையெல்லாம் அவர் கணக்கில்லாமல் ஒரே வரியில் முடித்தார். "தம்பி, செம்புல உங்க மாமாவுக்குக் குடிக்கத் தண்ணி வைங்க. எஞ்சினுக்கு எதுக்கு?"

பிறகு அவர் ஒரு காரியம் செய்தார். மூலையில் கிடந்த பழைய ஹோஸ் ஒன்றை எடுத்துக் கிளிப் மாட்டியிருந்த தடத்துக்குப் பக்கத்தில் பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அமுக்கினார். நடுப்பகுதி மெத்தென்று உறுதியாக இருந்தது. முனையை அமுக்கும்போது மட்டும் உள்ளே எதுவோ பிளப்பது விரலுக்குத் தெரிந்தது. வெளியில் ஒரு கீறல் இல்லை, கருகருவென்று இருந்தது. கத்தியால் நீளவாக்கில் கீறிப் பிரித்துக் காட்டினார். உட்சுவரில் முனையிலிருந்து விரற்கடை தூரத்துக்கு மெல்லிய வெடிப்புகள், ஒன்றுக்கொன்று இணையாக, உள்ளிருக்கும் நூல் பின்னல் தெரிகிற ஆழம் வரை. உலோகக் கழுத்து, கூலன்ட், ரப்பர் மூன்றும் சேர்ந்து மிக மெல்லிய மின்கலம்போல் வேலை செய்வதால் வருகிற வெடிப்பு அது. சூடும் அழுத்தமும் அதை வளர்க்கும். பாய்க்கு மின்கலத்தைப் பற்றிக் கவலையில்லை. "முனையிலதான் போகும், எப்பவும் முனையிலதான்" என்றார்.

எங்கள் பக்கத்தில் நாரணமங்கலத்தில் எம்ஆர்எஃப் ஆலை இருப்பதால் ரப்பர் என்றாலே டயர்தான் நினைவுக்கு வரும். டயருக்கான ரப்பர் இங்கே உதவாது. இயற்கை ரப்பரின் நீண்ட இழையில் இருக்கிற இரட்டைப் பிணைப்புகளை வெப்பமும் ஓசோனும் தேடித் தேடி அறுக்கும். கூலன்ட் ஹோஸுக்கு ஈபிடிஎம் என்கிற செயற்கை ரப்பர்; அதன் முதுகெலும்பில் அந்தப் பலவீனப் பிணைப்பு இல்லை. சுடுதண்ணீரை வருடக்கணக்கில் தாங்கும், ஆனால் எஞ்சின் ஆயில் பட்டால் ஊறி உப்பிவிடும். நீலமும் சிவப்புமாகப் பந்தயக் கார்களில் பார்க்கிற சிலிக்கோன் ஹோஸ் இன்னும் அதிகச் சூடு தாங்கும். அழகும்கூட. ஆனால் மென்மையானது, சாதாரண ஸ்க்ரூ கிளிப்பின் பல் அதைக் கடித்துக் கிழிக்கும். நம் ஊர் வேலைக்குக் கறுப்பே போதும் என்பது என் கட்சி. பையனுக்கு நீலத்தின் மேல் ஒரு கண் இருந்தது, வயசு அப்படி.

சரி, இப்படி மட்டையாகிப் போகிற ரப்பரை விட்டுவிட்டு, எஞ்சினிலிருந்து ரேடியேட்டர் வரை ஒரே எஃகுக் குழாயாகப் பற்றவைத்துவிட்டால் தொல்லை தீருமே? இந்த யோசனை வராத ஆளில்லை. ஆனால் எஞ்சின் ரப்பர் மெத்தையில் உட்கார்ந்திருக்கிறது, முடுக்கும்போதெல்லாம் தலையாட்டும். ரேடியேட்டர் சட்டத்தோடு அசையாமல் நிற்கிறது. சூடேறும்போது இரண்டு மீட்டர் அலுமினியக் குழாய் மூன்று மி.மீ.க்கு மேல் நீளும். எஃகு அதில் பாதி. இந்த ஆட்டமும் நீட்டமும் எங்காவது போய்த்தான் ஆகவேண்டும். குழாய் விட்டுக்கொடுக்காவிட்டால் ரேடியேட்டரின் கழுத்து விட்டுக்கொடுக்கும். இப்போதைய ரேடியேட்டர்களில் அந்தக் கழுத்து கண்ணாடி இழை கலந்த நைலான். ஒரு நாள் சுத்தமாக முறிந்து கையோடு வந்துவிடும். ஹோஸ் சில நூறு ரூபாய். ரேடியேட்டர் பல ஆயிரம். வழியில் தண்ணீர் முழுக்கக் கொட்டித் தலை வளைந்து ஹெட் கேஸ்கட் போனால், எஞ்சினையே இறக்கவேண்டியதுதான்.

குழாய் எதில் செய்வது என்று தேடுகிறவர் உண்மையில் கெடாத பொருள் ஒன்றைத் தேடுகிறார். அப்படி ஒன்று கடையில் இல்லை. சூடும் அழுத்தமும் அதிர்வும் நீரும் ஒன்றுசேர்ந்த இடத்தில் ஏதோ ஒன்று தேய்ந்துதான் தீரும். தேய்வைத் தடுக்கும் உரிமை நமக்கில்லை. அது எங்கே நிகழலாம் என்று இடம் குறிக்கும் உரிமை மட்டும் இருக்கிறது. செம்பைத் தேர்ந்தவன் தேய்வை எஞ்சின் தலைக்கு அனுப்புகிறான், முழு எஃகைத் தேர்ந்தவன் ரேடியேட்டர் கழுத்துக்கு அனுப்புகிறான், பிளாஸ்டிக்கைத் தேர்ந்தவன் தன் மடிக்கே அனுப்பிக்கொள்கிறான். ரப்பரைத் தேர்ந்தவன், கை எட்டுகிற இடத்தில், கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், மாற்றக்கூடிய விலையில் அதை நிறுத்திவைக்கிறான். ரப்பர் பலவீனமானது என்பதால் அங்கே இருக்கவில்லை. பலவீனம் அங்கே இருக்கட்டும் என்று யாரோ யோசித்து முடிவு செய்ததால் இருக்கிறது.

இதை எங்கள் மண் ஆயிரம் வருடத்துக்கு முன்பே அறிந்திருந்தது. கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பக்கத்தில், இன்றைய அரியலூர் மாவட்டத்தில், முதலாம் இராசேந்திரன் அமைத்த சோழகங்கம் என்கிற பொன்னேரி இருக்கிறது. மைல்கணக்கில் நீளும் கரை. ஏரி வெட்டியவர்களுக்குக் கரையைப் பலப்படுத்தத் தெரிந்திருந்தது; அதைவிட முக்கியமாக, எவ்வளவு பலப்படுத்தினாலும் ஒரு வருடம் அதை மீறிய மழை வரும் என்பதும் தெரிந்திருந்தது. அதனால்தான் ஏரி என்றால் கலிங்கு வைத்தார்கள். கரையைவிடத் தாழ்வாக, கல் பாவி, தண்ணீர் மீறினால் இங்கே மீறு என்று முன்கூட்டியே வழி சொன்ன இடம். கலிங்கு இல்லாத ஏரியும் ஒரு நாள் உடையும். எங்கே உடையும் என்று ஊருக்குத் தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம். ரேடியேட்டர் மூடியில் இருக்கிற ஸ்பிரிங்கும் அதே கலிங்குதான். ஒரு பார் வரை பிடித்துவை, மீறினால் என் வழியாகப் போ. அந்த ஸ்பிரிங் அடிக்கடி தண்ணீரை விடுகிறது என்று அதன் வாயை அடைத்து ஓட்டுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவதும் அதே கூட்டம்தான்.

மனிதர்கள் கட்டியெழுப்புகிற எதிலும் இந்த முடிவை யாரோ எடுத்தாகவேண்டும். எடுக்காமல் விட்டால் அது தானே எடுத்துக்கொள்ளும், பெரும்பாலும் நமக்கு மிகவும் வேண்டிய இடத்தைப் பார்த்து. குடும்பத்தில் எல்லாப் பாரத்தையும் விட்டுக்கொடுக்காமல் தாங்குகிற ஒருவர் இருப்பார். அவர் உடைவதில்லை, அவருக்குப் பக்கத்தில் இருப்பவர்தான் உடைகிறார். அலுவலகத்தில் தவறே நிகழக்கூடாது என்று ஒரு விதி போட்டால் தவறு நிற்பதில்லை, அதைச் சொல்லவரும் ஆள் நின்றுவிடுகிறார். வலிமை என்று நாம் கொண்டாடுகிற பல விஷயங்கள் தேய்வை வேறொருவர் வீட்டு வாசலுக்குத் தள்ளிவிடுகிற சாமர்த்தியம் என்று தோன்றுகிறது. பாய் கீறிக் காட்டிய அந்தக் கறுப்பு ஹோஸ் அதைச் செய்யவில்லை. ஆட்டத்தையும் நீட்டத்தையும் அழுத்தத்தையும் தன் முனைக்கு வாங்கிக்கொண்டு, உள்ளுக்குள் வெடித்து, இரண்டு பக்கத்து உலோகத்தையும் காப்பாற்றியிருக்கிறது. அதன் வெடிப்பைக் கேட்க ஒரு விரல் போதும். ஆனால் அந்த விரலை அவ்வப்போது வைக்கவேண்டும்.

இன்னொரு பொருளைப் பற்றி அக்கா மகன் கேட்கவே இல்லை. குழாய்க்கு உள்ளே ஓடுவது என்ன?

அரியலூர் மண் ஒரு காலத்தில் கடலடி. டைனோசர்கள் திரிந்த கிரெட்டேசியஸ் காலத்துக் கடல் இங்கே விட்டுப்போன சுண்ணாம்புக்கல்லை நம்பித்தான் அரசின் சிமெண்ட் ஆலையும் தனியார் ஆலைகளும் நடக்கின்றன. கல் ஏற்றிய டிப்பர் லாரிகள் இரவும் பகலும் ஓடுகின்றன. அந்தக் கல்லின் வழியாக ஊறி வருகிற கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு கரைந்தே வரும். குளிர்ந்த தண்ணீரில் கரைந்திருப்பது சூடேறினால் கரைந்திருக்காது. கரியமில வாயு பிரிந்து, கல் மறுபடி கல்லாக இறங்கும். சர்க்கரை உப்பெல்லாம் சூட்டில் கூடுதலாகக் கரைய, இது மட்டும் எதிர்த்திசை. அதனால் எஞ்சினில் எங்கே சூடு அதிகமோ அங்கே, சிலிண்டர் தலையைச் சுற்றித்தான், முதலில் படியும். ஒரு மி.மீ. படிவு போதும், வெப்பத்தை மறிப்பதில் அது பல சென்டிமீட்டர் தடிமன் அலுமினியத்துக்குச் சமம். கழற்றிய தெர்மோஸ்டாட்டுகளில் வெள்ளை வெள்ளையாக ஒட்டியிருப்பதைச் சுரண்டிப் பார்த்தால், சிமெண்ட் ஆலைக்குப் போகிற அதே கல்.

மூடிய அமைப்பில் ஒருமுறை ஊற்றிய தண்ணீர் கொண்டுவரும் சுண்ணாம்பு கொஞ்சம்தான். லிட்டருக்கு 400 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால் நான்கு லிட்டரில் ஒன்றரை கிராம் சொச்சம். அது படிந்தால் படிந்துவிட்டுப் போகட்டும். ஆனால் மூட்டில் கசிவு இருந்து, கசிகிற தண்ணீர் சூட்டிலேயே ஆவியாகி, தினம் ஒரு லிட்டர் கிணற்றுத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே வந்தால்? வருடத்துக்கு 146 கிராம் வரை கல், ஒரு கைப்பிடி, எஞ்சினுக்குள் குடியேறுகிறது. தண்ணீர்தானே போகுது, ஊத்திக்கலாம் என்கிற கிணற்றடிப் பழக்கம் காருக்குள் இப்படித்தான் விலை கேட்கிறது. கசிகிற மூட்டு தண்ணீரை வெளியே விடுவதோடு நிற்பதில்லை. கல்லை உள்ளே கூட்டிவருகிறது.

கூலன்ட் பனி பெய்கிற நாட்டுக்கு, நமக்கு எதற்கு என்பார்கள். பெரம்பலூரில் தண்ணீர் உறையப்போவதில்லை, உண்மை. ஆனால் அந்தப் பச்சைத் தண்ணீரில் இருக்கிற அரிப்புத் தடுப்பு மருந்துக்கு உறைபனியோடு சம்பந்தமில்லை. அலுமினியம் எந்த ஊரிலும் அலுமினியம்தான். ஃபார்முலா பாரத் போட்டிக்குப் போகிற பிள்ளைகளுக்கு இந்த வசதியும் கிடையாது. தடத்தில் சிந்தினால் சக்கரம் வழுக்கும் என்பதால் கூலன்ட்டுக்குத் தடை, வெறும் தண்ணீர் மட்டும். நம் பக்கத்திலிருந்து போகிறவர்கள் அந்த வெறும் தண்ணீரை எந்தக் குழாயடியில் பிடிக்கிறார்கள் என்பதில் கொஞ்சம் கவனமாக இருப்பது நல்லது.

கடைசியில் அவன் செய்தது இது. நீளவாட்டுக்கு 28 மி.மீ. உள்விட்டத்தில் இரண்டு அலுமினியக் குழாய்கள். எஞ்சின் தலையும் அதே குடும்பம் என்பதால் உள்ளே சண்டை குறைவு. இருக்கைக்கும் குழாய்க்கும் நடுவே தகரத் தடுப்பு. லேத் பட்டறையில் ஒவ்வொரு முனையிலும் உதடு பிதுக்கச் சொன்னோம். அந்தச் சிறு மேடு இல்லாவிட்டால் அழுத்தத்தில் ஹோஸ் வழுக்கிக் கழன்றுவிடும். நான்கு முனைகளிலும் ஒரு சாண் ஈபிடிஎம் ஹோஸ். பம்ப் உறிஞ்சுகிற பக்கத்து ஹோஸுக்குள் மட்டும் சுருள் கம்பி, இல்லையென்றால் வேகத்தில் அது சப்பையாக ஒட்டிக்கொள்ளும். குழாயின் மிக உயர்ந்த இடத்தில் காற்று வெளியேற ஒரு திருகு. பேட்டரிக் கடையில் வாங்கிய வாலை வடிநீரில் கூலன்ட் கலந்து ஊற்றினான். சிலிக்கோன் நீலம் கைவிடப்பட்டது, முழு மனதோடு இல்லாவிட்டாலும்.

பாய் வந்து பார்த்தார். அலுமினியத்தைத் தடவிக்கூடப் பார்க்கவில்லை. நான்கு ஹோஸையும் முனையில் அமுக்கிப் பார்த்துவிட்டு, "எந்த மாசம் மாட்டுனே, எழுதுனியா?" என்று கேட்டார். பையன் வெள்ளைப் பெயிண்டால் ஒவ்வொன்றின் மேலும் மாதத்தையும் வருடத்தையும் எழுதினான். மாற்று ஹோஸ் ஒன்றும் இரண்டு கிளிப்பும் ஒரு திருப்புளியும் இப்போது இருக்கைக்கு அடியில் கிடக்கின்றன.